பன்னிரண்டாம் எண் சட்டை

மாத்திரை வேலை செய்கிறது,
அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.
செப்டம்பரிலிருந்து என் பெயர் சொல்லிக்
கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆள்
நவம்பர் கடைசியில்
ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்து போனான்.

அவன் காலி செய்த அறைக்கு
மறுநாளே குடிவந்தது பசி.
வாடகை பேசவில்லை, முன்பணம் இல்லை.
இரவு இரண்டு மணிக்குக்
கறுப்பு ரொட்டி, ஈரல் பசை, வெண்ணெய்,
நின்றபடியே, குளிர்பெட்டி வெளிச்சத்தில்.
மூன்று மணிக்கு மறுபடி.
பசி வந்தால் பத்தும் பறக்குமாம்.
எனக்குப் பத்தும் பறந்து வந்து
இடுப்பில் உட்கார்ந்தன,
கூடவே இன்னொரு கிலோவும்.

இது மருந்தின் பசி, உன்னுடையதல்ல என்றார் டாக்டர்.
வயிற்றிடம் அதை யார் சொல்வது?

முன்பு அந்த ஆள் சொல்வான்:
அதைத் தின்னாதே, விஷம்.
இப்போது உணவு ஆலோசகர் இங்கெலிஸெ சொல்கிறார்:
அதைத் தின்னாதே, சர்க்கரை.
ஒருநாள் இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.
பேனாவை மூடினார்.
சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

ஹேண்ட்பால் கிளப்பில் நான் கோல்கீப்பர்.
கோல்கீப்பர் அகலமாக இருந்தால் நல்லதுதானே என்று
ஆறுதலுக்குத்தான் சொன்னாள் ஸிஸ்ஸெல்.
பன்னிரண்டாம் எண் சட்டை
தலைவழியே நுழைந்து
மார்புக்குக் கீழே இறங்க மறுத்தது.
இரண்டு கைகளையும் தூக்கியபடி
உடைமாற்றும் அறையில்
வராத பந்தைத் தடுத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றிரவு மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்
கழிப்பறையில் துப்பினேன்.
மறுநாளும். ஒன்பது நாள்.
இறங்கியது எண்ணூறு கிராம்.
பத்தாம் நாள் காலை
குளிர்பெட்டியின் முனகலில்
என் பெயர் இருந்தது.

எண்ணூறு கிராம்.
கடையில் ஒரு கறுப்பு ரொட்டி அவ்வளவு இருக்கும்.
அந்த விலைக்கு அவனைத்
திரும்ப வாங்கியிருந்தேன்.

அப்பா குளிர்பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார்.
அரை மணி நேரம் கையிலேயே வைத்திருந்தார்.
பிறகு வெளியே போய்
அதை என் சைக்கிளுக்கு மாட்டினார்.

ஆர்ஹூஸ் துறைமுகக் காற்று
போகும்போதும் எதிர்க்காற்று,
வரும்போதும் எதிர்க்காற்று.
எப்படி என்று யாரும் விளக்கியதில்லை.
மிதிக்கிறேன்.
மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம், மெதுவாக,
ஆனால் நீயாக நிறுத்தாதே என்கிறார் டாக்டர்.
சரி என்கிறேன்.
சரி என்பது அன்றன்றைக்குச் சொல்ல வேண்டியது.

வியாழக்கிழமைகளில் ஆறு பேர் சேர்ந்து சமைக்கிறோம்.
ஆளுக்கொரு கத்தி.
எங்களை நம்பிக் கத்தி தருகிறார்கள் என்பதில்
பியார்கெவுக்கு அவ்வளவு பெருமை,
முட்டைக்கோஸை நூல்நூலாக அரிகிறான்.
மால்தெ டப்பாவில் அடைத்த எதையும் தொடமாட்டான்,
பச்சைப் பட்டாணி உரிப்பது அவன் பாடு.
அளவு நாடாவை இங்கெலிஸெ
முதலில் தன் இடுப்பில் சுற்றிச்
சத்தமாகப் படிக்கிறார்: தொண்ணூற்று நான்கு.
பிறகுதான் எங்கள் இடுப்பு, காதோடு காதாக.

இந்த மாதம் நானூறு கிராம் குறைந்தது.
போன மாதம் அறுநூறு ஏறியிருந்தது.
கணக்கு எனக்கும் தெரியும்.

ஸிஸ்ஸெல் புதுச் சட்டை கொண்டுவந்தாள்,
அதே எண், இரண்டு அளவு பெரியது.
நாற்காலி முதுகில் தொங்குகிறது.

இரவு இரண்டு மணிக்குப் பசி வந்தது.
வா, ஆனால் நின்றுகொண்டு தின்பதில்லை இனி என்றேன்.
விளக்கைப் போட்டேன்.
தட்டு எடுத்தேன், வியாழக்கிழமை சூப்பைச் சூடாக்கினேன்,
சட்டை தொங்கும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
ஒரு தட்டோடு நிறுத்துவதாக ஏற்பாடு.
இரண்டாவதும் சாப்பிட்டேன்.
நோட்டில் எழுதினேன்: இரண்டு.
வீடு முழுக்கக் கேட்டது
கரண்டியின் சத்தம் மட்டும்.